நாய்களில் காது கத்தரிப்பு

காது கத்தரிப்பு என்பது நாயின் செவிமடலின் ஒரு பகுதியை அறுத்து நீக்கி, இயல்பாக மடிந்து தொங்கும் காதை நிமிர்ந்து நிற்கச் செய்யும் அறுவை ஆகும். டாபர்மன், கிரேட் டேன், பாக்சர், மினியேச்சர் சினாசர், பிட்புல் வகை நாய்கள், கேன் கோர்சோ முதலியவற்றில் இது பெரிதும் செய்யப்பட்டு வந்துள்ளது. பொதுவாக 7 முதல் 12 வாரம் வரையான வயதுடைய குட்டிகளுக்கு இது செய்யப்படுகிறது. நோயைத் தீர்ப்பதற்காக அல்லாமல் தோற்றத்திற்காகவே செய்யப்படுவதால் இது ஒப்பனை அறுவை என்னும் வகையில் அடங்கும்.

கூர்மையாக நிமிர்ந்த காது டாபர்மன் போன்ற இனங்களின் பிறவிக் கூறு என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. இவ்வினக் குட்டிகள் தொங்கும் காதுடனேயே பிறக்கின்றன. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களுள் 42 விழுக்காட்டினரால் இத்தகைய நாய்களின் காதும் வாலும் குட்டையாக இருப்பதற்கான காரணத்தைச் சரியாகக் கூற இயலவில்லை.

பல நாடுகளில் இவ்வறுவை தடை செய்யப்பட்டுள்ளது. இந்தியாவில் இதன் சட்டநிலை தெளிவாக வரையறுக்கப்படவில்லை. இது தொடர்பான முக்கியமான வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடைபெற்றது.

பெயர்

பேச்சு வழக்கில் இது காது வெட்டுதல், காது அறுத்தல் எனப்படுகிறது. நாய் வளர்ப்போரும் விற்போரும் "கிராப்பிங்" என்ற ஆங்கிலச் சொல்லையே பெரிதும் கையாளுகின்றனர். வாலின் ஒரு பகுதியை நீக்கும் வால் கத்தரிப்பு "டாக்கிங்" எனப்படும். இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்த்தே பேசப்பட்டாலும் வெவ்வேறு அறுவைகள் ஆகும். வால் கத்தரிப்பு பிறந்த சில நாட்களிலும், காது கத்தரிப்பு பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்தும் செய்யப்படுகின்றன.

செவிமடலின் அமைப்பும் பணியும்

நாயின் செவிமடல், நடுவில் மெல்லிய குருத்தெலும்புத் தகடும் அதன் இருபுறமும் தோலும் கொண்டது. இதில் குருதிக் குழாய்களும் உணர் நரம்புகளும் நிறைந்துள்ளன. எனவே செவிமடலில் சிறு வெட்டு ஏற்பட்டாலும் குருதி மிகுதியாக வெளியேறும். வலியும் கடுமையாக இருக்கும்.

நாய்க்குட்டிகள் செவித்துளை மூடிய நிலையில் பிறக்கின்றன. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் துளை திறந்து கேட்கத் தொடங்குகின்றன. செவிக்குழல் முதலில் கீழ்நோக்கிச் சென்று, பின்னர் உட்புறமாகத் திரும்பிச் செவிப்பறையை அடைகிறது. மனிதரின் செவிக்குழலில் இத்தகைய கூரிய திருப்பம் இல்லை. நாய்களுக்கு அடிக்கடி வரும் காது அழற்சி இக்குழலிலேயே தோன்றுகிறது.

செவிமடலின் முதன்மையான பணிகள்:

• ஒலியைத் திரட்டிச் செவிக்குழலுக்குள் செலுத்துதல்.
• ஒலி வரும் திசையை அறிய உதவுதல். இதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தசைகள் செவிமடலை இயக்குகின்றன.
• மனநிலையைப் புலப்படுத்துதல். அச்சத்தில் காது பின்னோக்கிப் படியும், கவனத்தில் முன்னோக்கி உயரும், பணிவில் தாழும். பிற நாய்கள் இக்குறிகளை அறிந்தே நெருங்குகின்றன அல்லது விலகுகின்றன.

அறுவை முறை

கால்நடை மருத்துவர் செய்யும்போது குட்டிக்கு முழு மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது. செவிமடலில் நீக்க வேண்டிய பகுதி அளந்து குறிக்கப்படுகிறது. இரு காதுகளும் ஒரே அளவில் அமைய வேண்டும் என்பதால் ஒரு காதின் வெட்டே மற்றதற்கு அளவாகக் கொள்ளப்படுகிறது. வெளிவிளிம்பை ஒட்டித் தோலும் குருத்தெலும்பும் சேர்த்து அறுக்கப்பட்டு, விளிம்புகள் தைக்கப்படுகின்றன. நீக்கப்படும் அளவு இனத்திற்கும் உரிமையாளரின் விருப்பத்திற்கும் ஏற்ப மாறுபடும். காவல் நாய்க்குக் குட்டையாகவும், கண்காட்சி நாய்க்கு நீளமாகவும் வெட்டுவது வழக்கம்.

அறுவையால் மட்டும் காது நிமிர்ந்துவிடாது. புண் ஆறும் காலத்திலும் அதன் பின்னரும் காதை ஒரு தாங்கியுடன் சேர்த்துப் பிளாஸ்திரியால் சுற்றி நிறுத்தி வைக்க வேண்டும். இக்கட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். குருத்தெலும்பு உறுதியடையும் வரை இது சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை நீடிக்கும். இவ்வளவும் செய்த பின்னரும் சில நாய்களின் காதுகள் நிற்பதில்லை. சிலவற்றில் ஒன்று நின்று மற்றது சாய்ந்துவிடும். அப்போது மீண்டும் அறுவை செய்யப்படுவதும் உண்டு.

பயிற்சி பெறாதோர் மயக்க மருந்தின்றிக் கத்தரிக்கோலாலோ சவர அலகாலோ காதை வெட்டுவதும் நடைபெறுகிறது. எட்டு வாரக் குட்டிக்கு வலியுணர்வு முழுமையாக இருக்கும். குட்டி சிறியது என்பதால் வலி தெரியாது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

வரலாறு

பண்டைய உலகில்

நாயின் உடலுறுப்பை வெட்டும் வழக்கம் மிகப் பழமையானது. கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, குட்டிகளின் வால் நுனியை நீக்கினால் அவற்றுக்கு வெறிநோய் வராது என்று ஆயர்கள் கருதியதைப் பதிவு செய்துள்ளார். வெறிநோய் என்பது கடி மூலம் பரவும் தீநுண்மியால் வருவது என்று இன்று அறியப்பட்டுள்ளதால், இக்கருத்து முற்றிலும் தவறானதாகும்.

ஐரோப்பாவில்

ஐரோப்பாவில் எருது, கரடி முதலியவற்றுடன் மோதவிடப்பட்ட நாய்களுக்கும், மந்தையைக் காக்க ஓநாய்களுடன் போரிட்ட நாய்களுக்கும் காது வெட்டப்பட்டது. எதிரி பற்றி இழுக்கக்கூடிய உறுப்பாகக் காது கருதப்பட்டதே இதற்குக் காரணம். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமனியின் அப்போல்டா நகரில் கார்ல் பிரீட்ரிக் லூயி டாபர்மன் என்ற வரி வசூலிப்பாளர் தமக்குப் பாதுகாப்பாக உருவாக்கிய டாபர்மன் இனத்திற்கும் இவ்வழக்கம் வந்து சேர்ந்தது. விலங்குச் சண்டைகள் தடை செய்யப்பட்ட பின்னரும், வெட்டிய காது அந்த இனங்களின் அடையாளமாகக் கண்காட்சிகளில் நிலைத்துவிட்டது. காரணம் மறைந்தும் வழக்கம் எஞ்சியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தமிழகத்தில்

தமிழகத்தில் காவல் நாய்க்கு நெடிய வரலாறு உண்டு. விழுப்புரம் மாவட்டம் செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் உள்ளது. அங்கிருந்து மேற்கே, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டாரத்தில் உள்ள எடத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. எருமைகளைக் கவர வந்த கள்வருடன் போரிட்டு மாண்ட வீரனுக்காக எடுக்கப்பட்ட இக்கல்லில், அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. நாய் ஒன்றின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்ட தொன்மையான தமிழ்ச் சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தின் அறியப்பட்ட நாட்டு நாய் இனங்களாகும். இவற்றின் செவிமடல்கள் இனத்திற்கும் தனி நாய்க்கும் ஏற்ப மடிந்தோ பாதி நிமிர்ந்தோ காணப்படும். இவ்வினங்களை அடையாளம் காணக் காதை வெட்ட வேண்டிய தேவை இல்லை. எனினும், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாட்டு நாய்க்குட்டிகளின் காது நுனியையோ வால் நுனியையோ வெட்டும் வழக்கம் சில ஊர்களில் இருந்து வந்துள்ளது. காட்டுப் பன்றியுடன் மோதும்போது காது கிழியாது, நாய் மூர்க்கமாக வளரும் என்பன இதற்குக் கூறப்பட்ட காரணங்கள் ஆகும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்த பின்னர் முதற்காரணம் பொருளற்றதாகிவிட்டது. இரண்டாவது காரணத்திற்கு அறிவியல் அடிப்படை இல்லை. நாயின் குணம் அதன் மரபு, குட்டிப் பருவப் பழக்கம், பயிற்சி ஆகியவற்றைச் சார்ந்ததே அன்றிக் காதின் நீளத்தைச் சார்ந்ததன்று.

நகரங்களில் அயல் இன நாய்களை வளர்ப்பது பெருகிய பின்னர், டாபர்மன், கிரேட் டேன் முதலியவற்றின் வழியாகக் காது கத்தரிப்பும் பரவியது.

ஆதரவாகக் கூறப்படும் காரணங்கள்

காது கத்தரிப்பை ஆதரிப்போர் பின்வரும் காரணங்களைக் கூறுகின்றனர்.

காது நோய் வராது: தொங்கும் காதில் காற்றோட்டம் குறைவு என்பதும், சில தொங்கு காது இனங்களில் காது அழற்சி மிகுதி என்பதும் உண்மை. ஆனால் காது அழற்சி மிகுதியாகக் காணப்படும் காக்கர் எசுப்பானியல், பூடில் முதலிய இனங்களுக்குக் காது கத்தரிப்பதில்லை. கத்தரிக்கப்படும் இனங்களில் அந்நோயைத் தடுக்க இவ்வறுவை உதவுகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஒவ்வாமை, உண்ணி போன்ற சிற்றுயிர்கள், காதுக்குள் தேங்கும் ஈரம் ஆகியவையே அழற்சிக்கு முதன்மைக் காரணங்கள். காதைத் துடைத்து உலர்வாக வைப்பதும் உரிய மருந்தும் இதற்குப் போதுமானவை.

கேட்கும் திறன் கூடும்: செவிமடலை நிமிர்த்துவதால் கேட்கும் திறன் கூடுகிறது என்று நிறுவப்படவில்லை. தொங்கு காதுடைய நாய்களும் மனிதரால் கேட்க இயலாத உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கின்றன. நாய்களின் பிறவிச் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் தோல் நிறமி குறைவதோடு தொடர்புடைய உட்செவிக் குறைபாடாகும். வெள்ளை நிற இராசபாளையம் நாய்களுள் சில செவிடாகப் பிறப்பது இதனாலேயே. வெளிக்காதை வெட்டுவது உட்செவியில் எந்த மாற்றத்தையும் செய்யாது.

சண்டையில் காது கிழியாது: காதில் காயம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. ஆனால் வீட்டில் வளரும் நாய்க்கு அது ஒருவேளை நேரக்கூடிய காயம் மட்டுமே. அதைத் தவிர்க்கும் பொருட்டு எல்லாக் குட்டிகளுக்கும் உறுதியாக ஒரு காயத்தை ஏற்படுத்துவது ஏற்கத்தக்கதன்று என்று விலங்கு நல ஆர்வலர்கள் கூறுகின்றனர்.

இனத்தரம்: கண்காட்சிகளில் நாய்களை மதிப்பிட ஒவ்வோர் இனத்திற்கும் எழுதப்பட்ட விளக்கம் உண்டு. அமெரிக்கக் கெனல் கிளப்பின் டாபர்மன் விளக்கம், காது பொதுவாகக் கத்தரிக்கப்பட்டு நிமிர்ந்திருக்கும் என்கிறது. ஐரோப்பாவில் இவ்வினம் இயற்கையான காதுடனேயே வளர்க்கப்பட்டு மதிப்பிடப்படுகிறது. ஒரே இனத்திற்கு இரு வேறு அளவுகோல்கள் இருப்பது, காதின் வடிவம் இனத்தின் இயற்கையைவிட மனிதரின் விருப்பத்தையே காட்டுவதை உணர்த்துகிறது.

தீங்குகள்

காது கத்தரிப்பால் ஏற்படக்கூடிய தீங்குகள் பின்வருமாறு:

• மயக்க மருந்தால் இளங்குட்டிக்கு ஏற்படக்கூடிய ஆபத்து.
• குருதிப்போக்கு.
• நோய்த்தொற்று, சீழ் பிடித்தல், தையல் பிரிதல்.
• தழும்பு சுருங்கிக் காது கோணிப் போதல்.
• கட்டு இறுக்கமாக இருந்தால் குருதியோட்டம் தடைப்பட்டுத் திசு அழுகுதல்.
• அறுவைக்குப் பிந்தைய வலி. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏற்படும் வேதனை.

உடல் தீங்குகளுடன் நடத்தை சார்ந்த தீங்கும் உண்டு. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரையான காலம், அது மனிதரோடும் பிற நாய்களோடும் பழகக் கற்கும் பருவமாகும். இப்பருவத்தில் பெறும் நல்ல அனுபவங்களும் கெட்ட அனுபவங்களும் நெடுங்காலம் நிலைக்கும். காது கத்தரிப்பும் அதைத் தொடரும் கட்டுகளும் இதே வாரங்களில் நிகழ்கின்றன. தலையைத் தொடும் கை வலி தருவது என்று குட்டி அறிந்துகொள்ளவும் கூடும்.

காதின் பெரும்பகுதி நீக்கப்பட்ட நாய் தன் அச்சத்தையும் பணிவையும் காதால் முழுமையாகக் காட்ட இயலாது. எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் காது, அந்நாய் எப்போதும் விழிப்போடும் சீற்றத்தோடும் இருப்பதாகப் பிறருக்குத் தோன்றச் செய்கிறது.

இந்தியாவில் சட்டநிலை

1960 ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் விலங்குகளின் நலனுக்கான அடிப்படைச் சட்டம் 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் ஆகும். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் சட்டமுன்வரைவே இதற்கு வித்திட்டது. இச்சட்டத்தின்கீழ் 1962 இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார். சென்னையில் இயங்கிவந்த வாரியத் தலைமையகம் 2018 இல் அரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

இச்சட்டத்தின் 11 ஆம் பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாக்குகிறது. அதே பிரிவு சில செயல்களுக்கு விலக்கும் அளிக்கிறது. விதிக்கப்பட்ட முறையில் மாட்டின் கொம்பை நீக்குதல், காயடித்தல், சூடு போட்டு அடையாளமிடல், மூக்கணாங்கயிறு இடல் ஆகியவை அவ்விலக்குப் பட்டியலில் உள்ளன. நாயின் காது கத்தரிப்பு அப்பட்டியலில் இல்லை. எனவே இவ்வறுவை சட்டத்திற்குப் புறம்பானது என்பது விலங்கு நல அமைப்புகளின் வாதம். கால்நடை மருத்துவர் முறைப்படி செய்யும் அறுவை உறுப்புச் சிதைப்பு ஆகாது என்பது எதிர்த்தரப்பு வாதம். சட்டத்தில் காது கத்தரிப்பு என்ற சொல்லே இல்லாததே இக்கருத்து வேறுபாட்டிற்கு மூல காரணமாகும்.

இப்பிரிவின்கீழ் முதல் குற்றத்திற்கான தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. தண்டத்தை உயர்த்துவது உள்ளிட்ட திருத்தங்களுக்கான வரைவை நடுவண் அரசு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

2011 ஆம் ஆண்டு அறிவுறுத்தலும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும்

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம் 2011 இல், நாய்களுக்குத் தோற்றத்திற்காகக் காதையும் வாலையும் கத்தரிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவும், அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 429 ஆம் பிரிவும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கெனல் கிளப் ஆப் இந்தியா இதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2013 இல் நீதிமன்றம் அவ்வறிவுறுத்தலை நீக்கித் தீர்ப்பளித்தது. இதன் விளைவாக நாடு முழுவதற்குமான வெளிப்படையான தடை இல்லாமல் போனது. அறுவை செய்வதா இல்லையா என்பது மருத்துவரின் முடிவுக்கு விடப்பட்டது. ஆயினும் இத்தீர்ப்பால் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் மாறவில்லை.

பிற சட்டங்கள்

1984 ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவர்களே கால்நடை மருத்துவம் செய்யலாம். ஆகவே நாய் விற்பவரோ, பண்ணையாளரோ, உரிமையாளரோ தாமே காது அறுவை செய்வதற்கு 2013 தீர்ப்பு இடமளிப்பதாகக் கொள்ள இயலாது.

இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 325 ஆம் பிரிவு, சேதம் விளைவிக்கும் குற்றமாக விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 1898 முதல், கத்தரித்த காதுடைய நாய்கள் அந்நாட்டுக் கெனல் கிளப்பின் கண்காட்சிகளில் அனுமதிக்கப்படவில்லை. வேல்சு இளவரசராக இருந்து பின்னர் மன்னரான ஏழாம் எட்வர்டு இவ்வழக்கத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்கீழ் இது குற்றமாகும்.

வளர்ப்பு விலங்குகளின் பாதுகாப்புக்கான ஐரோப்பிய உடன்படிக்கை 1987 நவம்பர் 13 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1992 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 10 ஆம் பிரிவு காது கத்தரித்தல், வால் கத்தரித்தல், குரல் நாண் நீக்குதல், நகமும் பல்லும் நீக்குதல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒப்பனைக்கான காது கத்தரிப்பு தடை செய்யப்பட்டுள்ளது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் கட்டுப்பாடு உள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான தடை இல்லை. எனினும் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2008 இல் ஒப்பனைக்கான காது, வால் கத்தரிப்பை எதிர்ப்பதாக அறிவித்து, இனத்தர விளக்கங்களிலிருந்து இவற்றை நீக்குமாறு ஊக்குவித்தது.

தெருநாய்களின் காது அடையாளம்

தெருநாய்களின் காதில் காணப்படும் சிறு வெட்டு, இக்கட்டுரையில் விவரிக்கப்படும் காது கத்தரிப்பிலிருந்து வேறுபட்டது. கருத்தடை அறுவை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்ட தெருநாயை மீண்டும் பிடித்து அறுவைக்கு உட்படுத்தாமல் இருக்க, அதன் ஒரு காதின் நுனியிலோ விளிம்பிலோ சிறு பகுதி நீக்கப்படுகிறது. கருத்தடை அறுவைக்கான மயக்கத்திலேயே இதுவும் செய்யப்படுவதால் தனியாக மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. காதின் வடிவத்தை மாற்றுவது இதன் நோக்கமன்று; தொலைவிலிருந்தே அடையாளம் காண்பது மட்டுமே நோக்கமாகும்.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டத்தில் சென்னை முன்னோடியாக விளங்கியது. 1959 இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய இந்திய நீலச் சிலுவைச் சங்கம் 1964 முதல் இதனை வலியுறுத்தி வந்தது. 1996 இல் சென்னை மாநகராட்சி இத்திட்டத்தை ஏற்றது. 2001 ஆம் ஆண்டின் நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் காது அடையாளத்தை நாடு முழுவதற்கும் உரிய முறையாக்கின. அவ்விதிகளுக்கு மாற்றாக 2023 இல் புதிய விதிகள் வெளியிடப்பட்டன.

மருத்துவத் தேவைக்கான காது அறுவை

நோயின் பொருட்டுக் காதில் செய்யப்படும் அறுவைகள் ஒப்பனைக் கத்தரிப்பு ஆகா. செவிமடலில் புற்றுநோய்க் கட்டி தோன்றினாலோ, விபத்திலோ சண்டையிலோ காது சிதைந்து திசு அழுகினாலோ, பாதிக்கப்பட்ட பகுதியை நீக்க நேரிடும். வெள்ளை நிற நாய்களில் முடி குறைந்த காது நுனி கடும் வெயிலுக்கு நெடுங்காலம் உட்படுவதால் தோல் புற்றுநோய் வரக்கூடும். தொடர்ந்து தலையை உதறுவதால் செவிமடலில் குருதி கட்டிக்கொள்ளும் நிலைக்கும் அறுவை தேவைப்படலாம். இவற்றில் நாயின் துன்பத்தைப் போக்குவதற்காகவே காது அறுக்கப்படுகிறது. ஐரோப்பிய உடன்படிக்கையும் மருத்துவக் காரணத்திற்காகச் செய்யப்படும் இத்தகைய அறுவைகளுக்கு விலக்கு அளிக்கிறது.

வளர்ப்போர் கவனத்திற்கு

குட்டியை வாங்குவோர் காது கத்தரிக்கப்படாத குட்டியையே கேட்டுப் பெறலாம். தொங்கும் காது டாபர்மன், கிரேட் டேன் முதலியவற்றின் தூய்மைக்குக் குறையன்று. முன்னரே காது கத்தரிக்கப்பட்ட குட்டியாயின், அறுவை செய்தவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேட்டறிவதும், காயத்தில் வீக்கம், நாற்றம், சீழ், நிறமாற்றம் ஆகியவை தோன்றினால் கட்டைப் பிரித்துப் பார்க்க உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் வேண்டும். மஞ்சள், சாம்பல், எண்ணெய் முதலியவற்றைத் திறந்த காயத்தில் பூசுவது தொற்றை மிகுவிக்கக்கூடும். மனிதருக்குரிய வலிநீக்கி மாத்திரைகளுள் சில நாய்க்கு நஞ்சாகும் என்பதால், மருத்துவர் கூறாத மருந்து எதையும் கொடுக்கலாகாது.